ஏழாவது கேள்விக்கு ஆம்

சோற்றுக் கரண்டி எங்கே என்று ஜார்விஸ் கேட்டான். கழுவும் தொட்டியில் கிடக்கிறது, கழுவி எடுத்துக்கொள் என்றேன். கழுவினானா, சட்டையில் துடைத்துக்கொண்டானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மணிக்குத் தபால் நிலையத்தைத் திறக்க வேண்டும்; ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் சோற்றை அழுத்தி, மேலே உலர்ந்த மான் கறித் துண்டுகளைப் போட்டு அவன் மூடுகிற சத்தம் கேட்டது.

"மம்மி, மிளகாய்த் தண்ணி தீந்துபோச்சு."

"சாயங்காலம் போடறேன்."

அவ்வளவுதான். டிரக் கிளம்பிப் போனது.

பதினொன்றரை மணிக்கு ரூஃபோ தபால் நிலையத்துக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். ரூஃபோ என் கணவரோடு கவுண்டி சாலைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தேவாலயத்தில்கூட முழந்தாளிடும்போதுதான் தொப்பியைக் கழற்றுவார். எனக்கு முன்னால் இருந்த கிழவருக்குத் தபால் தலை கிழித்துக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையையும் கொடுத்துவிட்டுத்தான் நான் ரூஃபோவைப் பார்த்தேன். ஜார்விஸ் ஆக்டோபஸ் பிடிக்கப் பவழத் திட்டுக்கு வெளியே முங்கியிருக்கிறான்; தண்ணீருக்கடியிலேயே நினைவு தப்பிவிட்டது. மூச்சை அடக்கப் பழகாதவனுக்கு அப்படி நடப்பதில்லையாம். நன்றாகப் பழகியவனுக்குத்தான் நடக்குமாம். இருபத்துநாலு வயது.

மொலோகாய்த் தீவில் எங்கள் பக்கம் அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம் உண்டு. ஒன்பது நாளும் கூட்டத்துக்குச் சாப்பாடு. ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் ஜார்விஸ் ஜனவரியில் சுட்ட மான். அதைத்தான் உருக்கி, வெட்டி, வினிகரும் பூண்டும் போட்டு அடோபோ வைத்தோம். எங்கள் ஊரான குவாலபூவில் மளிகைக் கடையில் மாட்டுக் கறி வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அல்லது கையில் அடிபட்டவர்கள். மற்றவர்கள் வீட்டில் புள்ளிமான்தான். அவன் சுட்டதை அவன் அடக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது. அது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

என் கணவர் யூசேபியோ அழவில்லை, பேசவும் இல்லை. வேலைக்குப் போனார். கிரேடர் வண்டியில் உட்கார்ந்து செம்மண் பாதைகளைச் சமப்படுத்திவிட்டு, புருவமெல்லாம் சிவப்பாகத் திரும்பி வருவார். தூங்குவது மட்டும் நின்றுவிட்டது. இருபது நாள் பார்த்துவிட்டு, நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தீவுக்கு வெளியே, பெருநிலத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். ஹெல்கா என்று பெயர். அரை மணி நேரம் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார். முன்மேசையில் இருந்த ஷெரில் மாத்திரைப் பையை யூசேபியோவின் கையில் கொடுத்து, "சாப்பிட்டதுக்கப்புறம் போடுங்க அங்கிள். காப்பியோட வேணாம்" என்றாள். ஷெரிலின் புருஷன் மர்வின் போலீஸில் சார்ஜென்ட்.

மாத்திரையில் அவர் தூங்கினார். விழித்திருக்கும்போதும் பாதி தூங்கினார்.

மார்ச் மாதம் ஒரு பிற்பகல், காற்று தாங்காமல் அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தேன். கராஜின் கதவு திறந்திருந்தது. மான் தோல் உரிக்கிற இரும்புச் சட்டத்துக்குக் கீழே, கவிழ்த்த வாளியின் மேல் யூசேபியோ உட்கார்ந்திருந்தார். மடியில் ஜார்விஸின் ரைஃபிள். இருபத்தொரு வயது ஆன அன்றே, விதைச் சோளப் பண்ணையில் சேர்த்த சம்பளத்தோடு போய், கைரேகை கொடுத்து, பதினான்கு நாள் காத்திருந்து, தன் பெயரில் பதிந்து வாங்கிய ரைஃபிள் அது.

"என்ன பண்ற டாடி?" என்றேன். ஜார்விஸ் பிறந்ததிலிருந்து நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"எண்ணெய் போடணும்."

எண்ணெய்ப் புட்டி அலமாரியில் இருந்தது. துணி இல்லை. கம்பி இல்லை. அவர் எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்தேன். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அந்த ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றினேன். மான் வெட்டுகிற வீட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தவளுக்கு அது தெரியும். பின்னால் ஒரு நெம்பு, ஒரு இழுப்பு. அது இல்லாமல் ரைஃபிள் வெறும் குழாய். துணியில் சுற்றி, என் பழைய சீருடைப் பைக்குள் போட்டுத் தபால் நிலைய லாக்கரில் வைத்தேன். யூசேபியோவின் சொந்த ரைஃபிள்கள் இரண்டும் இரும்புப் பெட்டியில் இருந்தன. போல்ட் இல்லாத ரைஃபிளையும் அதற்குள் வைத்துப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டேன். அவர் சாவியைத் தேடவில்லை. தேடாதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் மர்வின் வந்தான். சீருடையோடு வந்தாலும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறினான். பாகற்காயும் கத்தரிக்காயும் கருவாட்டோடு வேகிற வாசனைக்கு, "ஆண்ட்டி, நான் தப்பான நேரத்துக்கு வந்துட்டனா, சரியான நேரத்துக்கு வந்துட்டனா" என்றான்.

"சரியா வந்துட்டு என்னடா கேள்வி? தட்டு எடு."

சாப்பிட்டு முடித்துத்தான் விஷயத்தைச் சொன்னான்.

"அங்கிள், ஜார்விஸோட ரைஃபிள். செத்துப்போனவங்க பேர்ல இருக்கக் கூடாது. உங்க பேருக்கு மாத்தணும், இல்ல ஒப்படைக்கணும். இத்தன நாள் நான் கண்டுக்கல."

"மாத்திக்கறேன்" என்றார் யூசேபியோ. இரண்டு மாதத்தில் அவர் ஒரு முடிவாகச் சொன்ன முதல் வார்த்தை அது. "வருஷ ஜெபத்துக்கு மான் வேணும். அவன் ரைஃபிள்ல நான்தான் சுடுவேன்."

பிப்ரவரியில் வருடம் நிறைகிற அன்று துக்கத் துணியை எடுக்கிற ஜெபமும் சாப்பாடும் எங்களுக்கு முக்கியம். அவர் கண்ணில் ஏதோ ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு லாக்கரில் இருந்த பை நினைவுக்கு வந்தது. தட்டுகளை எடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் கவுனகாகாய் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஃபாரம் நிரப்பினார். ஏழாவது கேள்வி, மனநிலை பாதிப்புக்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா என்பது. ஆம், இல்லை, இரண்டு கட்டம். யூசேபியோ 'ஆம்' கட்டத்தில் குறி போட்டார். மர்வின் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தானாம்.

சாயங்காலம் இதைக் கேட்ட ரூஃபோ, கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார்.

"நீ ஏன்யா அதுல கை வச்ச? நீ என்ன பைத்தியமா? தூக்கம் வரல, மாத்திர போட்ட. தூக்க மாத்திர போட்டவனெல்லாம் மனநிலை பாதிச்சவன்னா இந்தத் தீவுல பாதிரியார்கூட மிச்சமில்ல."

"மாத்திரையக் கையில குடுத்ததே அவன் பொண்டாட்டி" என்றார் யூசேபியோ. "எதுத்தாப்புல உக்காந்திருக்கான். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இல்லன்னு எப்பிடி எழுத?"

"ஷெரில் வீட்டுக்குப் போயி அதெல்லாம் பேச மாட்டா. பேசினா வேல போயிரும். அவனுக்குத் தெரியவே தெரியாது."

"அவனுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதே."

ரூஃபோ என்னைப் பார்த்தார். "பெர்லா, உம் புருஷன் மரியாதைக்காகத் துப்பாக்கியத் தொலைச்ச மொத ஆளு. பேப்பர்ல போடணும்."

யூசேபியோ சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மூன்று பேரும் பீரைக் குடித்தோம். காற்று கராஜின் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

பெர்மிட் மறுக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. என் கவுண்டர் வழியாகத்தான் வந்தது. நானே பிரித்தெடுத்து எங்கள் தபால் பெட்டியில் போட்டேன். ஜார்விஸின் ரைஃபிள் மட்டும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. குறி போட்டவர் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றையும் ஒப்படைக்க வேண்டும். பாதிப்பு இப்போது இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திரும்பக் கேட்கலாம். மகனுடையதைக் கேட்கப் போய்த் தன்னுடையதும் போயிற்று.

மர்வின் வேறு யாரையும் அனுப்பவில்லை. தானே வந்தான். இந்த முறை சாப்பிடவில்லை. நான் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருந்ததை யூசேபியோ பார்த்தார். மர்வின் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைச் சத்தமாகப் படித்து எழுதிக்கொண்டான். மூன்றாவதாக ஜார்விஸின் ரைஃபிளை எடுத்துப் பின்பக்கம் விரலை வைத்தான்.

"அங்கிள், போல்ட் எங்க?"

யூசேபியோ ரைஃபிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தபாலாபீஸ்ல இருக்கு" என்றேன்.

மர்வின் எழுதுவதை நிறுத்தினான். பக்கத்து வீட்டுச் சேவல்கள் கத்திக்கொண்டிருந்தன.

"எப்பலேர்ந்து?" என்றார் யூசேபியோ.

"மார்ச்லேர்ந்து."

அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் மீட்டர் எண்ணைக் கேட்டுக்கொள்கிறவர் போல ஆட்டினார்.

மர்வின் காரில் நான் தபால் நிலையத்துக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். வழியில் அவன் சொன்னான்: "ஆண்ட்டி, ரூஃபோ அங்கிள் ஊரெல்லாம் சட்டத்தத் திட்டிட்டுத் திரியறாரு. திட்டட்டும். ஹோனலூலூவுல உக்காந்து எழுதினவங்களுக்கு நம்ம ஃப்ரீசரப் பத்தித் தெரியாதுதான். ஆனா இந்த வேலையில ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கேன். எல்லாம் முடிஞ்சப்புறம் போனேன். தரையிலேர்ந்து துப்பாக்கிய நான்தான் எடுத்தேன். அதுல ஒண்ணு என் கூடப் படிச்சவன் வீடு." பிறகு, "நீங்க கழட்டினது தப்பில்ல" என்றான். தப்பா சரியா என்று கேட்டுக்கொண்டு நான் அதைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் என்னோடு சாதாரணமாகத்தான் இருந்தார். சோறு கேட்டார், டயர் காற்று பார்த்தார். வார இறுதியில் விடியுமுன் எழுந்து பழக்கப்பட்டவர். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் காப்பி போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். அந்த வருடம் மழை இல்லை. புல் காய்ந்து மான்கள் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கின. காலையில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கைக் கன்றின் பட்டையைக் கடித்தன. யூசேபியோ காப்பிக் கோப்பையோடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவை அவரைப் பார்க்கும். எங்கள் ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலமும் ஐஸும்தான் இருந்தன. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு எப்போதும் கறி கொடுத்துப் பழகியவருக்கு, இப்போது அவர்கள் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையைக் கதவில் மாட்டிவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவார்கள்.

ரூஃபோ ஒருநாள் வந்து சொன்னார்: "எல்லாத்தையும் எம் பேருக்கு மாத்திக் குடு. வேட்டைக்கு என்கூட வா. மலை மேல எவன் பாக்கப் போறான்?"

"நான் தொடக் கூடாதே."

"தொட்டா மான் போலீஸுக்குப் போன் பண்ணுமா?"

"மர்வின் கேட்டா நான் சொல்லிருவேன்."

"அதான்யா உன் வியாதி. அதுக்குத்தான் மாத்திர குடுக்கணும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணு தெரியுமா? உனக்கு ஆனதப் பாத்துட்டு டொமினாடோர் கிளினிக் போறத நிறுத்திட்டான். பொண்டாட்டி போயி ஆறு மாசம், குச்சியா எளைச்சிட்டான். போனா துப்பாக்கியப் புடுங்கிருவாங்கன்னு போக மாட்டேங்கறான். இதுதான் உங்க சட்டம் பண்ண நல்லது."

அது உண்மை. எங்கள் ஊர் டொமினாடோர் தபால் வாங்க வரும்போது நானே பார்த்திருக்கிறேன்.

யூசேபியோ மாத்திரையை ஆகஸ்டில் நிறுத்தினார். டாக்டர் சொல்லித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. டிசம்பரில், "கடுதாசி கேக்கப் போலாம்" என்றார். "பிப்ரவரிக்குள்ள கையில வந்தா போதும்." அன்று அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டார், தாடியை மழித்துக்கொண்டார்.

டாக்டர் ஹெல்கா அவரிடம் நிறையக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, வேலை. எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னார். கடைசியில் யூசேபியோவே சொன்னார்: "என்னயவே கேட்டா எப்பிடி டாக்டர்? அவளையும் கேளுங்க. கூட இருக்கறவ அவதான்." சொல்லிவிட்டு வெளியே போய் ஷெரிலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரம் வழியாக அவர் பின்தலை தெரிந்தது. முடி வெட்டி, கழுத்தில் வெள்ளைக் கோடு.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார் டாக்டர். "துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பி வந்தா உங்களுக்குப் பயம் இருக்குமா?"

நான் நல்லவிதமாகச் சொல்லத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன். அவர் நன்றாக இருக்கிறார், கோபம் இல்லை, குடி இல்லை, மகனின் வருஷச் சாப்பாட்டுக்கு மான் சுட வேண்டும் என்பது மட்டும்தான். எல்லாம் உண்மை. ஒரு கையெழுத்து. முப்பது வருடமாக ஒரு சின்ன விபத்துகூட இல்லாமல் துப்பாக்கி பிடித்த மனிதர். மகன் செத்ததற்கு அழுததைத் தவிர ஒரு குற்றமும் செய்யாதவர், அழவும் இல்லை. அவர் கேட்பது அவருடைய சொந்தப் பொருள்.

"பெர்லா?"

"தெரியல" என்றேன்.

டாக்டர் காத்திருந்தார்.

"பயம் இருக்குன்னு சொல்லல. இல்லன்னும் சொல்ல முடியல. அன்னிக்கி கராஜ்ல உக்காந்திருந்தாரு. எண்ணெய் போடன்னு சொன்னாரு. அது எண்ணெய் போடத்தானான்னு எனக்கு இன்னும் தெரியல."

டாக்டர் பேனாவை மூடினார். மூன்று மாதம் போகட்டும், திரும்பப் பார்ப்போம் என்றார். வெளியே வந்தபோது யூசேபியோ எழுந்து நின்றார். ஷெரில் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்ச்ல வரச் சொன்னாங்க" என்றேன்.

"மார்ச்" என்றார். பிப்ரவரிக்கு அடுத்தது மார்ச் என்பதைச் சரிபார்க்கிறவர் போல. பிறகு டிரக்கின் கதவை எனக்காகத் திறந்துவிட்டார்.

வருஷ ஜெபத்துக்கு இரண்டு நாள் முன்னால் ரூஃபோ தன் ரைஃபிளால் மூன்று மான் சுட்டு, டிரக்கின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தார். காலை ஏழு மணி. காற்று நின்றிருந்தது. யூசேபியோ கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு, பின்னங்காலில் கொக்கி மாட்டிச் சட்டத்தில் ஏற்றினார். கத்திக்கு ஒரு தடையும் இல்லை. கணுக்காலைச் சுற்றி ஒரு வெட்டு, தொடையின் உட்புறமாக ஒரு கோடு. பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கைமுட்டியால் தோலை இறக்கினார். அவர் தோல் உரித்தால் சதையில் ஒரு மயிர்கூட ஒட்டாது. நான் கீழே பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். முதுகுக் கறி தனி, தொடை தனி, உலர்த்துவதற்கான கீற்றுகள் தனி. சோயாவும் சர்க்கரையும் பூண்டும் கலந்த தொட்டிக்குள் நான் கீற்றுகளை முக்கினேன்.

ரூஃபோ வாலை வெட்டி நாய்க்குப் போட்டார். "பாத்தியா, சுட்டது நான். ஆனா எல்லாரும் யூசேபியோ வெட்டினதுன்னுதான் சொல்லப் போறாங்க. எனக்கு இந்தத் தீவுல நீதியே இல்ல."

"நீ வயித்துல சுட்டிருக்க" என்றார் யூசேபியோ. "பாதிக் கறி வீணு."

"ஓடுச்சுய்யா."

"மான்னா ஓடும். ஜார்விஸ் இருந்தா உன்ன நடந்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்."

ஒரு வருடத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டது அப்போதுதான். ரூஃபோ நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐஸ் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் ஐஸ் இருந்தது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும். யூசேபியோ கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பொய்யும் தயாராக வைத்திருந்தேன்.

"தெரியலன்னு சொன்னேன்."

அவர் தோள்பட்டை மூட்டில் கத்தி நுனியை விட்டுத் திருப்பினார். முன்னங்கால் சத்தமில்லாமல் கழன்று அவர் கையில் வந்தது. அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கனமாகவும் இன்னும் சூடாகவும் இருந்தது.

"சரிதான்" என்றார். "எனக்கும் தெரியல."

பிறகு அடுத்த காலுக்குப் போனார்.

அன்றைக்கு நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள். கறி போதுமானதாக இருந்தது.

மார்ச்சில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் என்னைக் கேட்டபோது, "சரி" என்றேன். அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது, டிசம்பரில் என்ன தெரியாமல் இருந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்ல முடியாது. அவருடைய ரைஃபிள்கள் இரண்டும் ஜூனில் வீடு வந்தன. சனிக்கிழமைகளில் ரூஃபோவோடு மேலே போனார். ஃப்ரீசர் நிறைந்தது. சாவியை நான் கழுத்தில்தான் வைத்திருந்தேன். வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொண்டார். தனக்கென்று இன்னொரு சாவி செய்து வைத்துக்கொள்ளவில்லை. ஏழு வருடம் கழித்து, நெஞ்சு வலியில், கிரேடர் வண்டியின் படியில் உட்கார்ந்தபடி போனார். டொமினாடோர் அவருக்கு முன்பே போயிருந்தார். எப்படி என்பதை ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

யூசேபியோவின் ரைஃபிள்கள் இரண்டையும் ரூஃபோ பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஜார்விஸின் ரைஃபிளை மட்டும் யூசேபியோ கடைசிவரை திரும்பக் கேட்கவில்லை. ஃபாரத்தை மர்வின் இரண்டு முறை கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு முறையும் அவர் அதை மடித்து மர்வினிடமே கொடுத்துவிட்டார்.

போன வாரம் மர்வின் பார்சல் வாங்கத் தபால் நிலையத்துக்கு வந்தான். ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவனிடம், அந்த ரைஃபிள் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பின் ரூம்ல இருக்கு ஆண்ட்டி. அதுக்கு யாரும் எழுதிக் கேக்கல, அதனால யாரும் மாத்தவும் இல்ல."

"யார் பேர்ல இருக்கு?"

"ஜார்விஸ் பஸ்குவா" என்றான். "குவாலபூ விலாசம்தான்."